பருவ இதழ்களின் இருப்புப் பதிவு: அட்டையிலிருந்து கணிப்பொறிக்கு

ஒரு நூல் நூலகத்தில் உள்ளதா என்று வினவுவார்க்கு விடை ஒரு சொல்லில் அடங்கிவிடும். பருவ இதழ் ஒன்று உள்ளதா என்று வினவுவார்க்கு அங்ஙனம் விடை கூறல் இயலாது. எத்தொகுதி முதல் எத்தொகுதி வரை உள்ளது, இடையே எவ்விதழ்கள் இல்லை, அவை வெளிவராமையால் இல்லையா, வெளிவந்தும் நூலகத்திற்குக் கிட்டாமையால் இல்லையா, கட்டடம் செய்யப்பெற்ற தொகுதியில் அட்டையும் விளம்பரத் தாள்களும் நீக்கப்பெற்றனவா என்பனவற்றையெல்லாம் கூறினாலன்றி அவ்விடை நிரம்புவதில்லை. இவற்றைக் கூறும் பதிவையே இருப்புப் பதிவு என்று ஈண்டுக் குறிக்கின்றோம். இதழின் பெயர், ஆசிரியர், வெளியிட்டோர், ஊர் ஆகியவற்றைக் கூறும் பதிவு வேறு. அஃது இதழின் இயல்பை உணர்த்துவது. இருப்புப் பதிவோ நூலகத்தின் உடைமையை உணர்த்துவது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியமையே பின்னர்க் கூறப்போகும் இழப்புக்கள் பலவற்றிற்கு மூலமாயிற்று.

தமிழ்நாட்டு நூலகங்களில் இவ்விருப்புப் பதிவுகள் சென்ற நூறாண்டுகளில் பலமுறை இடம் மாறியுள்ளன. பேரேட்டிலிருந்து அட்டைக்கும், அட்டையிலிருந்து முதற் கணிப்பொறி நிரல்களுக்கும், அவற்றிலிருந்து இன்றைய நிரல்களுக்கும் அவை பெயர்க்கப்பெற்றன. ஒவ்வொரு பெயர்ப்பிலும் இதழின் பெயர் பெரும்பாலும் நலமாகவே சென்று சேர்ந்தது. இன்ன இதழ் இல்லை என்னும் குறிப்பே வழியில் உதிர்ந்தது. இலக்கிய வரலாறு எழுதுவார்க்கு இன்றியமையாதது அக்குறிப்பே என்பது எம் கருத்து.

சான்று காட்டுதல் தகும். பாரதியார் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் தோன்றியது. 1908 செப்டம்பரில் சென்னையில் நின்று, அடுத்த மாதம் புதுச்சேரியில் மீண்டும் எழுந்து, 1910 வரை வாழ்ந்தது. இவ்விடையீட்டில் இதழ் வெளிவரவேயில்லை. ஆகவே அவ்வாரங்களுக்குரிய இதழ் ஒரு நூலகத்தில் இல்லையென்றால் அது நூலகத்தின் குறையன்று. அதே ஆண்டில் வேறொரு கிழமைக்குரிய இதழ் இல்லையென்றால் அது குறையே. அதனைத் தேடி ஆய்வாளன் பிற ஊர்களுக்குச் செல்லுதல் வேண்டும். 'இந்தியா' இதழ்களிலிருந்து பாரதியார் கட்டுரைகளைத் தொகுத்து இளசை மணியன் 1975-இல் 'பாரதி தரிசனம்' என்னும் பெயரால் வெளியிட்டபோது, எந்த இதழ் கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதே அம்முயற்சியின் எல்லையை வகுத்தது.

'மணிக்கொடி' மற்றொரு சான்று. அது 1933-இல் வார இதழாகத் தோன்றி, 1935-இல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதைக்குரிய மாதமிருமுறை இதழாக மாறியது. பெயர் ஒன்றாயினும் வெளிவரும் காலமுறை இரண்டு. ஆண்டிற்கு இத்தனை இதழ் என்று ஒரே கணக்கை முழுமைக்கும் விதித்தால், வெளிவராத இதழ்கள் பல காணாமற்போனவையாகத் தோன்றும், அல்லது உண்மையில் காணாமற்போனவை மறைந்துவிடும். புதுமைப்பித்தன் கதைகளை முதன்முதல் வெளிவந்த இதழும் நாளும் சுட்டி ஆ. இரா. வேங்கடாசலபதி 2000-இல் பதிப்பித்தார். அத்தகைய பதிப்பு இதழ்வாரியான இருப்பறிவின்றி எழுதல் அரிது. ஒரு கதை இன்ன இதழில்தான் முதலில் வந்தது என்று துணிவதற்கு, அதற்கு முந்திய இதழ்கள் அனைத்தையும் பார்த்தோம் என்று கூறும் தகுதி வேண்டுமன்றோ!

இனித் தமிழிதழ்களுக்கே உரிய ஒரு சிக்கலைக் காண்போம். மேலைநாட்டு நூலக விதிகள் தொகுதி, எண் என்னும் இரு படிகளைப் பொதுவாகக் கொள்வன. தமிழிதழ்களை நடத்திய சான்றோர் இப்படிகளுக்குத் தத்தம் இதழின் பெயரோடு இயைந்த தமிழ்ப் பெயர்களைச் சூட்டினர். மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் 'செந்தமிழ்' தொகுதி, பகுதி என்னும் எளிய சொற்களோடு அமைந்தது. சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் 1923-இல் தொடங்கிய 'செந்தமிழ்ச் செல்வி'யோ பெண்ணின் காலணியை உளங்கொண்டு தொகுதியைச் சிலம்பு என்றும், அதனுள் அடங்கும் திங்களிதழைப் பரல் என்றும் வழங்கியது. கரந்தைத் தமிழ்ச்சங்கத்தின் 'தமிழ்ப்பொழில்' சோலையின் பெயர் தாங்கியதாதலின் துணர் என்றும் மலர் என்றும் பகுத்தது. பாரதிதாசனாரின் 'குயில்' குரல் என்றும் இசை என்றும் கூவியது. பெருஞ்சித்திரனாரின் 'தென்மொழி' சுவடி என்றும் ஓலை என்றும் எழுதியது.

இவை வெறும் அணிகள் அல்ல. இதழை நடத்தியோர் தம் முயற்சியை எவ்வாறு கருதினர் என்பதற்கு இவை சான்றாவன. மேலும், பிற்கால ஆய்வாளர் அடிக்குறிப்புக்களில் இச்சொற்களையே ஆண்டுள்ளனர். 'சிலம்பு 30, பரல் 7' என்று ஒரு நூலில் மேற்கோள் கண்ட மாணவன் நூலகத்தை நாடினால், அங்குள்ள பதிவில் அச்சொற்கள் இருத்தல் வேண்டும். இல்லையேல், பயிற்சியில்லாத பணியாளர் சிலம்பு என்பதைச் சிலப்பதிகாரமெனக் கருதிக் காப்பியப் பகுதிக்கு அனுப்பினும் வியப்பில்லை. குரல் என்பது தட்டச்சில் குறள் ஆகிவிட்டால் பின்னர் நேர்வதைக் கூறவும் வேண்டுமோ?

இவற்றுள் மிகுதியும் மயக்கந் தருவது மலர் என்னும் சொல்லே. தமிழிதழ்கள் பலவற்றில் மலர் என்பது ஆண்டுத் தொகுதியைக் குறிக்கும். 'மலர் 5, இதழ் 3' என்பது போன்ற வழக்குப் பரவியுள்ளது. தமிழ்ப்பொழிலில் அதுவே தனியிதழைக் குறிக்கும். தீபாவளி மலர், பொங்கல் மலர் என்னுமிடங்களில் எண்வரிசைக்குப் புறம்பான சிறப்பிதழைக் குறிக்கும். ஆகவே மலர் என வருமிடமெல்லாம் தொகுதி என மாற்றுக என்று ஒரு நிரலுக்குக் கட்டளையிட்டால், தமிழ்ப்பொழிலின் திங்களிதழ் ஒவ்வொன்றும் ஓராண்டுத் தொகுதியாக வீங்கிவிடும். தீபாவளி மலரோ எண்ணில்லாத் தொகுதியாக நிற்கும். சொல் ஒன்று, பொருள் மூன்று. இதனைக் கணிப்பொறி தானே அறியாது. இதழைக் கையிலெடுத்துப் பார்த்தவரே அறிவர்.

காலக்குறிப்பிலும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு. பழைய இதழ்கள் பல அறுபதாண்டுச் சுழற்சியின் ஆண்டுப் பெயரையும் தமிழ்த் திங்களையும் மட்டுமே முகப்பில் தாங்கின. பிரபவ ஆண்டு 1867-இலும், 1927-இலும், 1987-இலும் தொடங்கியது. பிரபவ ஆண்டுத் தைத்திங்கள் என்று மட்டும் பதிவு கூறுமாயின் மூன்று நூற்றாண்டுக் கூறுகளுள் எதனைக் கொள்வது? இதழின் வரலாறு அறிந்தார்க்கு ஐயமில்லை. பதிவை மட்டும் பெறும் பொறிக்கோ ஐயமே மிஞ்சும். மார்கழித் திங்கள் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி நடுவில் முடிவதால், மார்கழி இதழை எந்த ஆங்கில ஆண்டில் வைப்பது என்பதும் துணிதற்குரியது. சித்திரையில் தொடங்கும் தொகுதி எப்போதும் இரண்டு ஆங்கில ஆண்டுகளைத் தழுவியே நிற்கும்.

இவற்றினும் நுட்பமான மயக்கத்தைத் திருவள்ளுவர் ஆண்டு விளைக்கின்றது. கிறித்துவ ஆண்டோடு முப்பத்தொன்றைக் கூட்டினால் திருவள்ளுவர் ஆண்டாகும். தனித்தமிழ் இதழ்கள் பல இவ்வாண்டை முதன்மையாகக் கொண்டன. 1990-இல் வெளிவந்த இதழின் முகப்பில் 2021 என்றிருக்கும். பதிவைப் பெயர்ப்போர் 'தி.பி.' என்னும் இரண்டெழுத்தை விட்டுவிட்டால், எண் மட்டும் ஆண்டுப் புலத்தில் அமர்ந்துகொள்ளும். 1867-ஐ 2867 என்று எழுதினால் எவரும் பிழையெனக் காண்பர். 2021 என்பதோ இன்று எல்லார் கண்ணுக்கும் இயல்பான ஆண்டாகத் தோன்றும். பிழையெனத் தெரியாத பிழையே களைதற்கு அரிது.

இனி, பதிவு முறையின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். சீ. இரா. அரங்கநாதன் 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். அவர் கணிதப் பேராசிரியராக இருந்தவர். பருவ இதழ்களைக் கையாளுதற்கு அவர் வகுத்த மூவட்டை முறை எளிமையில் சிறந்தது. ஒவ்வோர் இதழுக்கும் மூன்று அட்டைகள். முதலாவது வருகைப் பதிவட்டை. இதழ் வந்த நாள் அதில் குறிக்கப்பெறும். இரண்டாவது சரிபார்ப்பட்டை, இதழ் வரவேண்டிய வாரத்தின் பின் அது வைக்கப்பெறும். இதழ் வந்தவுடன் அவ்வட்டை அடுத்த இதழுக்குரிய வாரத்திற்குச் செல்லும். கடந்த வாரத்தின் பின் ஓர் அட்டை இன்னும் நிற்குமாயின் இதழ் வரவில்லை என்பது தானே விளங்கும். உடனே நினைவூட்டு மடல் எழுதலாம். மூன்றாவது வகைப்பாட்டு வரிசையில் அமையும் அட்டை. நூலகத்திலுள்ள தொகுதிகள், இணைப்புக்கள், பொருளடைவுகள் ஆகியவை அதில் இடம்பெறும்.

நுணுகி நோக்கின், இம்முறையில் இன்மை என்பது எழுதப்பெறுவதன்று. அட்டை நிற்கும் இடத்தால் உணர்த்தப்பெறுவது. சரிபார்ப்பட்டை பழைய வாரத்தில் தங்கியிருப்பதே செய்தி. மூவட்டைகளையும் கணிப்பொறியில் ஏற்றுவோர் மூன்றாம் அட்டையை மட்டும் ஏற்றிவிட்டு, ஏனையவற்றைத் தேவையற்றவை என ஒதுக்கிவிட்டால், எழுத்தில் உள்ளதெல்லாம் சென்று சேரும். இடத்தில் இருந்தது ஒழிந்துபோம். 1934-இல் வெளியிட்ட தம் நூற்பட்டியல் விதித்தொகுப்பில் அரங்கநாதன் இதழ்களின் பெயர்மாற்றம், பிரிவு, இணைவு முதலான சிக்கல்களையெல்லாம் வகைப்படுத்தி விதி கூறியுள்ளார். அவ்வகையில் அவருடைய கூர்மை மேலைநாட்டாருக்கும் குறைந்ததன்று.

பல நூலகங்களின் இதழிருப்புக்களை ஒருங்கே காட்டும் ஒன்றிய பட்டியல்கள் இதற்கு அடுத்த படி. அமெரிக்கா, கனடா நாட்டு நூலகங்களுக்கு 1927-இல் பெரும்பட்டியல் ஒன்று வெளிவந்தது. தெற்காசிய ஆய்விதழ்களுக்கு அரங்கநாதன் 1953-இல் அத்தகைய முயற்சியைத் தொடங்கிவைத்தார். தில்லியில் 1952-இல் நிறுவப்பெற்ற இந்திய தேசிய அறிவியல் ஆவண மையமும் இத்துறையில் உழைத்தது. ஆயின் இம்முயற்சிகள் அறிவியல் இதழ்களையே பெரிதும் நாடின. சிலம்பும் பரலும் அவற்றில் இடம்பெறவில்லை.

கணிப்பொறிக்கு வருவோம். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் ஹென்றியட் அவ்ரம் அம்மையார் தலைமையில் 1960-களின் பிற்பகுதியில் உருவான மார்க் என்னும் பதிவமைப்பு இன்று உலகெங்கும் வழங்குவது. அது முதலில் நூல் விவரத்திற்கே அமைந்தது. இருப்பு விவரத்திற்குத் தனி அமைப்பு 1984-இல்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட காலத்தில் நூலகங்கள் இருப்பைக் குறிப்புப் புலங்களில் தத்தம் விருப்பப்படி எழுதிவந்தன. இருப்புக்குரிய அமைப்பில் 853 என்னும் புலம் படிகளின் பெயரைத் தாங்கும். 863 என்னும் புலம் எண்களைத் தாங்கும். 866 என்பது கட்டற்ற வாசகமாக எழுதுதற்கு உரியது. 853-இல் தொகுதி என்று எழுதுவதற்கு மாறாகச் சிலம்பு என்றும், எண் என்பதற்கு மாறாகப் பரல் என்றும் எழுதத் தடையொன்றுமில்லை. மாற்றுக் காலமுறைக்கும் உட்புலம் உண்டு. இதழின் காலமுறை மாறும்போது மற்றொரு 853 அமைத்து அதனோடு புதிய 863-களை இணைக்கலாம். மணிக்கொடியின் இரு பிறவியையும் இவ்வாறு பிழையின்றிக் காட்டலாம்.

இன்னும் ஒரு நுட்பம் நம் நோக்கத்திற்கு மிகப் பொருந்துவது. இருப்பை எழுதும் அமெரிக்கத் தர விதியில், வெளிவந்தும் நூலகத்தில் இல்லாத இடையீட்டைக் காற்புள்ளியாலும், வெளிவராமையால் நேர்ந்த இடையீட்டை அரைப்புள்ளியாலும் காட்டுக என்று கூறப்பெற்றுள்ளது. 'இந்தியா' இதழ் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் சென்ற வரலாறு ஓர் அரைப்புள்ளியில் அடங்குகின்றது! அப்புள்ளியைக் காற்புள்ளியாக மாற்றிவிட்டால், இல்லாத இதழைத் தேடி ஒருவன் தன் வாழ்நாளிற் சில திங்களை இழப்பான்.

அமைப்பில் இத்தனை வசதி இருந்தும் தமிழ்நாட்டில் அது பயன்படாமைக்குக் காரணம் இடையில் வந்த நிரல்களாம். யுனெஸ்கோ வழங்கிய சிடிஎஸ்-ஐசிஸ் என்னும் நிரலின் நுண்கணிப்பொறிப் பதிப்பு 1985-இல் வெளிவந்து, இந்திய நூலகங்களில் விரைந்து பரவியது. அதில் ஒவ்வொரு நூலகமும் தன் புலங்களைத் தானே வகுத்துக்கொள்ளலாம். அவ்வுரிமையே பின்னர் இடராயிற்று. ஒரு நூலகம் இருப்பை ஐம்பதாம் புலத்திலும், மற்றொன்று தொண்ணூறாம் புலத்திலும் எழுதின. அவற்றை மார்க் அமைப்பிற்கு மாற்றும்போது, பெயருக்கும் ஆசிரியருக்கும் இணையான புலங்கள் எளிதிற் கிடைத்தன. இருப்புக்கு இணை காணாதோர் அதனைப் பொதுக்குறிப்பில் தள்ளினர், அல்லது விட்டொழித்தனர்.

எழுத்தின் இடர் வேறு. தொடக்கத்தில் இப்பதிவுகள் பெரும்பாலும் உரோமன் எழுத்தில் அமைந்தன. ழகர ளகர வேறுபாட்டிற்குரிய குறிகளை ஒருவர் இடுவர், ஒருவர் இடார். பின்னர்த் தமிழ் எழுத்துருக்கள் வந்தபோது ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியீட்டைப் பின்பற்றியது. 1999-இல் தமிழக அரசு தாம், தாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 2010-இல் ஒருங்குறியைத் தரமாக அறிவித்தது. இடையிலான ஆண்டுகளில் தட்டப்பெற்ற பதிவுகளை எழுத்துரு இன்னதென்று அறியாது பெயர்த்தால் பொருளற்ற குறிகளே எஞ்சும். எண்கள் மட்டும் எல்லாக் குறியீட்டிலும் ஒன்றாக இருந்தமையால் தப்பின. சிலம்பும் பரலும் சிதைய, முப்பதும் ஏழும் நின்றன.

இன்று தமிழகக் கல்லூரி நூலகங்கள் பலவற்றில் கோகா என்னும் நிரல் வழங்குகின்றது. நியூசிலாந்தில் ஹொரோவெனுவா என்னும் ஊரக நூலகத்திற்காக எழுதப்பெற்று 2000-இல் பயனுக்கு வந்தது. அந்நாட்டு மவோரி மொழியில் கோகா என்பதற்குக் கொடை என்று பொருள். கட்டணமின்றிக் கிடைப்பதால் பெயர் பொருந்தும். அதன் இதழ்ப் பகுதியில் எண்வரிசைக்குரிய சொற்களை நாமே எழுதிக்கொள்ளலாம். எண் வரவேண்டிய இடங்களை மட்டும் குறிகள் நிரப்பும். வந்த இதழ்கள், விடுபட்ட இதழ்கள் என்று இரு தனிப் பெட்டிகளும் உண்டு. அரங்கநாதனின் சரிபார்ப்பட்டை செய்த பணியை, வரவேண்டிய நாள் கடந்த இதழைத் தானே சுட்டுவதன்வழி இந்நிரல் செய்கின்றது. ஆயினும் இவையெல்லாம் இன்றும் வந்துகொண்டிருக்கும் இதழ்களை மனத்திற்கொண்டு, சந்தா என்னும் அடிப்படையில் அமைந்தவை. நின்றுபோன மணிக்கொடிக்கு எவர் சந்தா கட்டுவர்? ஆகவே அத்தகைய இதழ்கள் ஒரு பெயர்ப்பதிவும், கட்டடத் தொகுதிக்கு ஒரு படிப்பதிவுமாகக் குறுகிவிடுகின்றன.

இவ்விடத்தில் எம் பணியிடமாகிய திருப்பெரும்பூதூர்–ஒரகடம் பகுதியைக் குறித்துச் சில கூறல் வேண்டும். இராமாநுசர் பிறந்த ஊர் என்னும் புகழோடு, 1990-களின் பிற்பகுதி முதல் இருங்காட்டுக்கோட்டையிலும் பின்னர் ஒரகடத்திலும் எழுந்த மோட்டார் வண்டித் தொழிற்சாலைகளாலும் இப்பகுதி அறியப்பெறுகின்றது. அத்தொழிற்சாலைகளில் ஓர் உறுப்பு எந்த நாளில் எந்தத் திரளில் செய்யப்பெற்றது என்னும் பதிவின்றி எதுவும் உள்ளே வருவதில்லை. ஒரு திரளில் குறை காணப்பெற்றால் அத்திரளுக்குரிய வண்டிகளை மட்டும் திரும்ப அழைத்தற்கு அப்பதிவு உதவும். திருகாணி உண்டு என்று மட்டும் எழுதிவைத்தால் ஒருநாளும் அங்கே தொழில் நடவாது. அவற்றை அடுத்துள்ள கல்லூரிகளின் நூலகங்களிலோ செந்தமிழ்ச் செல்வி உண்டு என்று எழுதிவைப்பதோடு அமைகின்றனர். ஒரு கல்லூரி நூலகத்தில் யாம் கண்ட பதிவு 1 முதல் 40 வரை தொகுதிகள் உள்ளன என்றது. அடுக்கில் இருந்தவை பதினொன்று. முதலும் ஈறும் மட்டும் பழைய அட்டையிலிருந்து பெயர்க்கப்பெற்று, இடையே இருந்த விடுபாட்டுக் குறிப்பு விடப்பெற்றமையே காரணம். அட்டைப்பெட்டி விற்கப்பெற்றுவிட்டதாகக் கூறினர்.

பொறியியல் இதழ்களில் நிலைமை வேறாயினும் இடர் ஒன்றே. அச்சுப்படிகள் நின்று மின்னிதழ்கள் வந்தபின், இருப்பு என்பது உடைமையாக இல்லாது, இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை படிக்கும் உரிமையாக மாறிற்று. ஒப்பந்தம் முடிந்தால் இருப்பும் முடியலாம். பதிவை ஆண்டுதோறும் திருத்தாவிடின், பட்டியல் இல்லாத உரிமையைக் காட்டிக்கொண்டிருக்கும்.

நன்முறைகளும் நம்மிடையே உள்ளன. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-இல் மறைந்தபின், அவர் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் சிகாகோ பல்கலைக்கழகம் பெற, அவற்றைக் கொண்டு 1994-இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. இதழ்களை நுண்படம் எடுத்தல் அதன் தலையாய பணிகளுள் ஒன்றாயிற்று. நுண்படச் சுருளின் தொடக்கத்தில் விடுபட்ட இதழ்களையும் தாள்களையும் பட்டியலிட்டு அப்பட்டியலையும் படமெடுத்தல் உலகளாவிய மரபு. இன்மையும் உடைமையோடு ஒரே சுருளில் கட்டுண்டு கிடத்தலின், எத்தனை முறை பெயர்த்தாலும் அது பிரிவதில்லை. இலங்கைத் தமிழர் 2005-இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் இதழ்களை ஒவ்வொன்றாகவே, வெளிவந்த திங்களும் ஆண்டும் சுட்டித் தமிழிலேயே பதிகின்றது. தொகுதியாகக் கட்டிவிடாமையால் எந்த இதழ் இல்லை என்பது பட்டியலை நோக்கிய அளவில் விளங்கும். உழைப்பு மிகுதியாயினும், தமிழிதழ்களுக்கு இதனினும் ஏற்ற முறை வேறொன்றைக் காணேம்.

கல்லூரி நூலகங்கள் அவ்வளவு செய்தற்கு ஆள்வலிமை இல்லை என்பர்; அது மெய்யே. ஆயினும் அட்டையை விற்குமுன் அதனைப் படமெடுத்துப் பதிவோடு இணைக்கலாம். அட்டையில் எழுதியதை எழுதியவாறே 866-ஆம் புலத்தில் தமிழில் தட்டலாம். 853, 863 ஆகியவற்றைப் பின்னர் அறிந்தார் ஒருவர் அமைப்பார். ஆண்டு இன்ன முறையது என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதலாம். அடுக்கில் உள்ளவற்றை ஒருமுறை நேரிற் சரிபார்த்து, பார்த்த நாளையும் பதிவில் குறிக்கலாம். நூறு தலைப்புக்கள் உள்ள கல்லூரியில் இருவர் ஒரு கோடை விடுமுறையில் முடிக்கத்தக்க வேலை இது. 1920-களிலும் 1930-களிலும் அச்சான இதழ்களின் தாள் மடித்தவிடமெல்லாம் ஒடிகின்றது. இன்று அடுக்கிலுள்ள பரல், அடுத்த சரிபார்ப்பின்போது எடுக்கத்தக்க நிலையில் இருக்குமென்று சொல்வதற்கில்லை.